கோஸ்மின்ஸ்கி என்றொரு பெயர்: ஏழைகள் விடுதிப் பதிவேடுகள் வழியே ஒரு தேடல்

1888 ஆகஸ்ட் 31 அதிகாலை, கிழக்கு லண்டனில் பக்ஸ் ரோ என்ற தெருவில் ஒரு பெண்ணின் உடல் கிடந்தது. அவர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. பிணவறையில் உடைகளைச் சோதித்தபோது உள்பாவாடையில் 'லாம்பெத் வொர்க்ஹவுஸ்' (லாம்பெத் ஏழைகள் விடுதி) என்ற முத்திரை இருந்தது. அந்த விடுதியில் அவரோடு தங்கியிருந்த ஒரு பெண்ணை அழைத்துவந்து காட்டினார்கள். மேரி ஆன் நிக்கல்ஸ் என்ற பெயர் அப்படித்தான் தெரியவந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று கொல்லப்பட்ட எலிசபெத் ஸ்ட்ரைட், தன் கடந்த காலத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லி வைத்திருந்தார். கணவரும் பிள்ளைகளும் கப்பல் விபத்தில் இறந்துவிட்டதாகச் சொன்னதும் அதில் ஒன்று. அந்தக் கதைகளுக்குப் பின்னால் இருந்த ஆளைக் கண்டுபிடிக்க உதவியது லண்டன் ஸ்வீடிஷ் தேவாலயத்தின் பதிவேடு. பிறந்த ஊர் டோர்ஸ்லாண்டா, திருமணத்துக்கு முந்தைய பெயர், 1866 ஜூலையில் தேவாலயத்தில் பெயர் பதிந்தது எல்லாம் அதில் இருந்தன. இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, செப்டம்பர் 15, 20 தேதிகளில், அங்கே அவர் உதவிப்பணமும் வாங்கியிருக்கிறார். தேவாலயத்தைச் சேர்ந்த ஸ்வென் ஓல்சன் விசாரணையில் சாட்சி சொன்னார்.

ஆக, ஜாக் த ரிப்பர் என்று பெயர் வைக்கப்பட்ட அந்தக் கொலைகாரனிடம் பலியான பெண்களை, ஏழைகளுக்கு உதவி கொடுத்த இடங்களின் தாள்கள் சில நாட்களிலேயே அடையாளம் காட்டிவிட்டன. சந்தேக நபர் ஒருவரை அதே மாதிரித் தாள்களில் தேடிக் கண்டுபிடிக்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. அந்தத் தேடல் எப்படி நடந்தது, எந்தக் கண்ணி உறுதி, எது தளர்ச்சி என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

போலீஸ் விட்டுச்சென்றது ஒரே ஒரு சொல்

1894 பிப்ரவரி 23 தேதியிட்ட ஒரு காவல்துறை உள்குறிப்பில், லண்டன் பெருநகரப் போலீஸின் உயர் அதிகாரி மெல்வில் மெக்நாட்டன் மூன்று சந்தேக நபர்களின் பெயர்களை எழுதினார். அதில் ஒருவர் 'கோஸ்மின்ஸ்கி'. போலந்து யூதர், கிழக்கு லண்டனின் வைட்சேப்பலில் குடியிருந்தவர், மனநிலை பாதிக்கப்பட்டவர், பெண்கள் மேல் வெறுப்பு கொண்டவர், 1889 மார்ச் வாக்கில் மனநோய் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார் என்பது குறிப்பின் சாரம். முதற்பெயரோ முகவரியோ வயதோ இல்லை.

1910இல் ராபர்ட் ஆண்டர்சன் என்ற ஓய்வுபெற்ற உதவி ஆணையர், கொலைகாரன் ஒரு போலந்து யூதன் என்றும், அவனை ஒரு சாட்சி அடையாளம் காட்டிய பிறகு, தன் இனத்தவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார் என்றும் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். பெயர் சொல்லவில்லை. அந்த நூலின் ஒரு பிரதி, 1888 வழக்கைத் தலைமை அலுவலகத்தில் ஒருங்கிணைத்த டொனால்ட் ஸ்வான்சனிடம் இருந்தது. அவர் ஓரத்தில் பென்சிலால் சில வரிகள் எழுதிவைத்தார். அவற்றின் சாரம் இது: சந்தேக நபரைச் சிரமப்பட்டு 'கடற்கரை இல்லத்துக்கு' அனுப்பி அங்கே அடையாளம் காட்டச் செய்தோம். பிறகு அவர் வைட்சேப்பலில் தன் சகோதரர் வீட்டுக்குத் திரும்பினார். நகரப் போலீஸ் (பெருநகரப் போலீஸிலிருந்து தனியான, லண்டனின் நடுப்பகுதியான 'சிட்டி'க்குரிய படை) இரவும் பகலும் கண்காணித்தது. சீக்கிரமே கைகளைப் பின்னால் கட்டி ஸ்டெப்னி ஏழைகள் விடுதிக்கும், அங்கிருந்து கோல்னி ஹாட்ச் மனநோய் காப்பகத்துக்கும் கொண்டுபோனார்கள். கொஞ்ச நாளில் இறந்துவிட்டார். கடைசியில், 'கோஸ்மின்ஸ்கிதான் சந்தேக நபர்' என்று எழுதித் தன் பெயரின் முதலெழுத்துகளை இட்டிருக்கிறார். ஸ்வான்சன் குடும்பத்தில் இருந்த இந்தக் குறிப்பு 1987இல்தான் பத்திரிகையில் வெளிவந்தது.

ஸ்வான்சன் சொன்னதை வரலாறாக எடுத்துக்கொள்வதற்கு முன், அதில் சரிபார்க்கக்கூடிய இடங்கள் எவை என்று பார்க்க வேண்டும். சகோதரர் வீடு, ஏழைகள் விடுதி, கோல்னி ஹாட்ச், கடற்கரை இல்லம், சீக்கிர மரணம். கடைசியைத் தவிர எல்லாமே இடங்கள். இடங்கள் இருந்தால் பதிவேடுகள் இருக்கும்.

பதிவேடுகள் ஏன் இவ்வளவு துல்லியம்

1834 ஏழைச் சட்டத்தின்படி ஏழைகளுக்கான செலவை அந்தந்த வட்டாரத்தில் வசூலாகும் வரியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஓர் ஆள் விடுதி வாசலில் வந்து நின்றால், எழுத்தர் கேட்கும் முதல் கேள்வி 'இவர் யார் பொறுப்பு?' என்பதுதான். எங்கிருந்து வந்தார், யார் கூட்டிவந்தது, நெருங்கிய உறவு யார், எந்த மதம், என்ன தொழில், எப்போது வெளியேறினார், யாரிடம் ஒப்படைத்தோம் என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். காப்பகத்துக்கு அனுப்பினால் வாராவாரம் பணம் கட்ட வேண்டும். அதனால் அங்கும் அதே கவனம். கொலை வழக்கைப் பற்றி அந்த எழுத்தருக்கு எந்த அக்கறையும் இல்லை. அதனால்தான், பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதிய அதிகாரிகளைவிட அவரை நான் அதிகம் நம்புகிறேன்.

1980களில் மார்ட்டின் ஃபிடோ என்ற ஆய்வாளர், காப்பகப் பதிவேடுகளிலும் விடுதி மருத்துவமனைப் பதிவேடுகளிலும் உட்கார்ந்து தேடினார். மெக்நாட்டன் சொன்ன 1889 மார்ச்சில் கோஸ்மின்ஸ்கி யாரும் இல்லை. ஆண்டுகளைத் தாண்டிப் போனபோது ஒருவர் கிடைத்தார். ஆரோன் கோஸ்மின்ஸ்கி, முடிதிருத்துபவர், 26 வயது, கோல்னி ஹாட்ச் காப்பகத்தில் சேர்ந்த தேதி 1891 பிப்ரவரி 7.

அந்தப் பதிவிலிருந்து பின்னோக்கிப் போனால் மைல் எண்ட் ஓல்ட் டவுன் ஏழைகள் விடுதி வருகிறது. 1890 ஜூலை 12 அன்று, 3 சயான் ஸ்கொயர் என்ற முகவரியிலிருந்து சகோதரர் அவரைக் கூட்டிவந்து சேர்த்திருக்கிறார். மனநிலை சரியில்லையோ என்ற ஐயக்குறிப்பு இருக்கிறது. ஜூலை 15 அன்று சகோதரரிடமே ஒப்படைத்துவிட்டார்கள். பிறகு 1891 பிப்ரவரி 4, 16 க்ரீன்ஃபீல்ட் ஸ்ட்ரீட்டிலிருந்து மறுபடியும் விடுதி. மூன்று நாளில் கோல்னி ஹாட்ச்.

விடுதி பெயரில் ஒரு முரண் இருக்கிறது. ஸ்வான்சன் ஸ்டெப்னி என்கிறார், பதிவேடோ மைல் எண்ட் ஓல்ட் டவுன் என்கிறது. இரண்டும் தனித்தனி நிர்வாகங்கள், ஆனால் அக்கம்பக்கத்து வட்டாரங்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பென்சிலால் எழுதும்போது பக்கத்து விடுதியின் பெயர் வந்துவிழுவது பெரிய விஷயம் இல்லை. சகோதரர் வீடு, விடுதி, கோல்னி ஹாட்ச் என்ற வரிசை அப்படியே பொருந்துகிறது. அந்தக் காப்பகத்தில் அந்தக் காலத்தில் கிடைத்த கோஸ்மின்ஸ்கியும் இவர் ஒருவர்தான். இரண்டு அதிகாரிகளும் சொன்ன ஆள் இவர்தான் என்பதில் எனக்குப் பெரிதாகச் சந்தேகம் இல்லை.

நாயால் கிடைத்த ஒரு தேதி

இவருடைய சகோதரர்கள் லண்டனில் 'ஆப்ரகாம்ஸ்' என்ற பெயரில் வாழ்ந்தார்கள். தகப்பனார் பெயர் ஆப்ராம். நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல் ஆவதுபோல, அங்கே அப்பா பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. 'கோஸ்மின்ஸ்கி' என்று மட்டும் தேடினால் குடும்பமே கண்ணில் படாது. இதற்கு அழகான சான்று 1889 டிசம்பரில் வந்த ஒரு சின்னப் பத்திரிகைச் செய்தி. சீப்சைட் தெருவில் வாய்க்கூடை போடாத நாயோடு ஒருவர் போலீசிடம் மாட்டினார். வெறிநாய்க்கடி பயத்தில் நாய்க்கு வாய்க்கூடை கட்டாயமாக இருந்த காலம் அது. கேட்டதற்கு ஆரோன் கோஸ்மின்ஸ்கி என்று பெயர் சொன்னார். கூட இருந்த சகோதரர், இல்லை, பெயர் ஆப்ரகாம்ஸ் என்றார். பிறகு நீதிமன்றத்தில், உண்மைப் பெயர் கோஸ்மின்ஸ்கிதான், இங்கே ஆப்ரகாம்ஸ் என்பது வசதியாக இருக்கிறது என்று விளக்கினார். 10 ஷில்லிங்கும் செலவும் அபராதம். ஆரோனோ நாய் தன்னுடையது அல்ல என்றார். அன்று சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாள். பணம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். திங்கள்வரை அவகாசம் கொடுத்தார்கள்.

இந்தச் சின்னச் செய்தி ஆய்வுக்கு மிகப் பெரிய உதவி. 1889 மார்ச்சில் காப்பகத்தில் இருந்ததாக மெக்நாட்டன் எழுதிய மனிதர், அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் நகரத்தின் நடுத்தெருவில் நாயோடு நடந்துகொண்டிருக்கிறார். மெக்நாட்டனின் தேதி தவறு. கடைசிக் கொலைக்குப் பிறகு சீக்கிரமே அடைத்துவிட்டார்கள், அதனால்தான் கொலைகள் நின்றன என்ற வாதமும் இதோடு போயிற்று. கடைசிக் கொலை நடந்த 1888 நவம்பர் 9க்குப் பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இவர் வெளியேதான் இருந்தார்.

லெமன் ஸ்ட்ரீட் வழியாக ஒரு கிளைப்பாதை

ஃபிடோவுக்கும் இதுதான் உறுத்தியது. தான் கண்டுபிடித்த ஆரோனை அவரே நிராகரித்தார். அவர் கை நீட்டியது டேவிட் கோஹென் என்ற வேறொரு யூத நோயாளியை நோக்கி. 1888 டிசம்பர் 7 அன்று போலீஸ் வழியாக வைட்சேப்பல் விடுதி மருத்துவமனைக்கு வந்தவர், மூர்க்கமானவர், டிசம்பர் 21இல் கோல்னி ஹாட்ச், 1889 அக்டோபர் 20இல் மரணம். 'கொஞ்ச நாளில் இறந்துவிட்டார்' என்ற ஸ்வான்சனின் வரிக்கு இவர் கச்சிதமாகப் பொருந்துகிறார்.

கோஹெனின் முகவரி 86 லெமன் ஸ்ட்ரீட் என்று பதிவாகியிருந்தது. அது ஒரு கிறிஸ்தவச் சிறுவர் சங்கத்தின் முகவரி. பக்கத்து 84ஆம் எண்ணில் இருந்தது ஏழை யூதர்களுக்கான தற்காலிகத் தங்குமிடம். கப்பலிலிருந்து கையில் காசில்லாமல் இறங்கும் யூதர்களுக்கு, அதிகபட்சம் இரண்டு வாரம் இடமும் உணவும் கொடுத்த தர்ம நிறுவனம் அது. எழுத்தர் எண்ணைத் தவறாக எழுதியிருக்கலாம் என்பது ஃபிடோவின் கருத்து. எனக்கும் அது நியாயமாகத் தெரிகிறது. அவர் இன்னும் ஒரு படி போனார். 1888 வசந்தத்தில் அதே விடுதி மருத்துவமனையில் மேகநோய்க்குச் சிகிச்சை பெற்று வெளியேறிய நேதன் காமின்ஸ்கி என்ற செருப்புத் தைப்பவர், அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் இல்லை. அவர்தான் 'கோஹென்' என்ற பெயரில் மறுபடி வந்தார், காமின்ஸ்கி கோஸ்மின்ஸ்கியாகக் குழம்பிவிட்டது என்றார்.

இங்கேதான் நான் அவரிடமிருந்து விலகுகிறேன். ஒருவர் பதிவேட்டில் இல்லாமல் போவது அவர் இன்னொருவராக மாறியதற்குச் சான்று ஆகாது. கிழக்கு லண்டன் யூதர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள், ஊர் திரும்பினார்கள், பெயர் மாற்றினார்கள், வேலை கிடைத்து விடுதிப் பக்கமே வராமல் இருந்தார்கள். இதைவிட வலுவான ஒரு காரணமும் உண்டு. அது கடற்கரையில் இருக்கிறது.

கடற்கரை இல்லம்

போலீசார் 'கடற்கரை இல்லம்' என்று சொன்னால் அது பெரும்பாலும் ஒரே இடத்தைக் குறித்தது. கேதரின் கர்னி என்ற கிறிஸ்தவப் பெண்மணி, நோயிலிருந்து தேறிவரும் காவலர்களுக்காக நன்கொடையில் தொடங்கிய ஓய்வில்லம். பிரைட்டனை ஒட்டிய ஹோவ் நகரில், க்ளாரெண்டன் வில்லாஸ் தெருவில், 1890 மார்ச்சில் திறந்தது.

ஒரு தர்ம இல்லத்தின் திறப்புத் தேதி ஒரு கொலை வழக்கில் இவ்வளவு வேலை செய்யும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அடையாளம் காட்டல் அங்கேதான் நடந்தது என்றால், அது 1890 மார்ச்சுக்கு முன் நடந்திருக்க முடியாது. டேவிட் கோஹென் அதற்கு ஐந்து மாதம் முன்பே இறந்துவிட்டார். அவர் கதை அங்கே முடிகிறது.

ஆரோனுக்கு இரண்டு இடைவெளிகள் மிஞ்சுகின்றன. ஒன்று, 1890 மார்ச் முதல் ஜூலை 12 வரை. இன்னொன்று, ஜூலை 15 முதல் 1891 பிப்ரவரி 4 வரை. ஸ்வான்சன் வரியை இந்த இரண்டோடும் பொருத்திப் பாருங்கள். 'சகோதரர் வீட்டிலிருந்து சீக்கிரமே விடுதிக்கு' என்பது ஜூலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஏனென்றால் அப்போதுதான் சகோதரர் வீட்டு முகவரியிலிருந்து போனார். ஆனால் ஜூலையில் மூன்றாவது நாளே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லண்டனையே நடுங்கவைத்த கொலைகாரன் இவன்தான் என்று தெரிந்துகொண்ட போலீஸ், விடுதி அவரைக் கதவைத் திறந்து அனுப்பும்போது பார்த்துக்கொண்டு இருந்திருக்குமா? கைகளைக் கட்டிக் கொண்டுபோனது, அங்கிருந்து கோல்னி ஹாட்ச் போனது எல்லாம் பிப்ரவரிக்குத்தான் பொருந்தும். அப்போது அவர் வந்தது க்ரீன்ஃபீல்ட் ஸ்ட்ரீட்டிலிருந்து, அதாவது அக்கா குடும்பத்தின் வீட்டிலிருந்து. ஸ்வான்சனின் நினைவில் இரண்டு சேர்க்கைகளும் ஒன்றாகிவிட்டன என்றே நினைக்கிறேன்.

பிப்ரவரிதான் சரி என்று வைத்துக்கொண்டால் வேறொரு சிக்கல் வருகிறது. ஆரோன் காப்பகத்துக்குள் போன ஆறாவது நாள், 1891 பிப்ரவரி 13, வைட்சேப்பலில் ஃபிரான்சிஸ் கோல்ஸ் என்ற பெண் கொல்லப்பட்டார். தாமஸ் சாட்லர் என்ற கப்பல் தொழிலாளியைப் பிடித்தார்கள். முந்தைய கொலைகாரனைப் பார்த்ததாகக் கருதப்பட்ட ஒரு சாட்சியை அழைத்து, சாட்லரை அவருக்குக் காட்டியதாக அந்த வாரமே பத்திரிகையில் செய்தி வந்தது. ரிப்பர் யார் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தால் இந்த வேலைக்கு அவசியமே இல்லை. 1891 பிப்ரவரி நடுவில் போலீசார் இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதற்கு, எந்த நினைவுக் குறிப்பையும்விட இது நல்ல சான்று.

காப்பகம் பார்த்த மனிதர்

இனி ஆரோன் எப்படிப்பட்டவர் என்பதற்கு வருவோம். சேர்க்கைச் சான்றில் மருத்துவர் ஹூசின் எழுதியது: ஏதோ ஒரு உள்ளுணர்வு தன்னை நடத்துவதாகவும், மனிதர் எல்லோருடைய நடமாட்டமும் தனக்குத் தெரியும் என்றும் சொல்கிறார். அது சொல்வதால் பிறர் கையால் சாப்பிட மறுக்கிறார். ஜேக்கப் கோஹென் என்ற வேறொருவர் கொடுத்த வாக்குமூலம்: தெருக்களில் சுற்றி, சாக்கடையோரம் கிடக்கும் ரொட்டித் துண்டுகளைப் பொறுக்கித் தின்கிறார், குழாய்த் தண்ணீர் குடிக்கிறார், குளிப்பதில்லை, பல ஆண்டுகளாக வேலை செய்யவில்லை. ஒருமுறை கத்தியை எடுத்துத் தன் சகோதரியை மிரட்டினார்.

கத்தி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் அதே படிவத்தை முழுதாகப் படிக்க வேண்டும். பிறருக்கு ஆபத்தானவரா என்ற கேள்விக்குப் பதில் 'இல்லை'. கோல்னி ஹாட்சில் இருந்த மூன்று ஆண்டுகளில் பதிவான வன்முறை ஒன்றே ஒன்று: 1892 ஜனவரிக் குறிப்பின்படி, நாற்காலியைத் தூக்கி ஊழியரை அடிக்கப் போனார். நோய் எவ்வளவு நாளாக என்ற இடத்தில் முதலில் ஆறு மாதம் என்று எழுதி, பிறகு சிவப்பு மையில் ஆறு ஆண்டு என்று திருத்தியிருக்கிறார்கள். அந்தத் திருத்தம் முக்கியம். ஆறு ஆண்டு என்றால் 1885 வாக்கில் தொடங்கிய நோய். அதாவது 1888 இலையுதிர்காலத்தில் இவர் ஏற்கெனவே நோயாளி.

1894 ஏப்ரல் 19 அன்று லீவ்ஸ்டன் காப்பகத்துக்கு மாற்றினார்கள். நாள்பட்ட, தீங்கில்லாத நோயாளிகளுக்கென்றே 1870இல் கட்டப்பட்ட இடம் அது. அங்கே இன்னும் 25 ஆண்டுகள் இருந்தார். 1919 பிப்ரவரியில் எடை 96 பவுண்டு. மார்ச் 24 அன்று கால் அழுகல் நோயால் இறந்தார். 'கொஞ்ச நாளில் இறந்துவிட்டார்' என்று ஸ்வான்சன் எழுதியது 1910இலோ அதற்குப் பிறகோ. அவர் எழுதிய பிறகும் ஆரோன் உயிரோடு இருந்திருக்கலாம். பொறுப்பான அதிகாரிக்குத் தன் பிரதான சந்தேக நபர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியவில்லை என்றால், அந்த வழக்கு அவர் கையில் எவ்வளவு உறுதியாக இருந்திருக்கும்?

ஒரு சால்வையில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட மரபணு ஆரோனைக் காட்டுகிறது என்று 2014இலும் 2019இலும் பெரிய தலைப்புச் செய்திகள் வந்தன. அந்தச் சால்வை கொலை நடந்த இடத்தில் இருந்ததற்கு அக்காலத்துப் போலீஸ் பட்டியலில் ஆதாரம் இல்லை. தலைமுறைகளாகப் பலர் கைபட்ட பொருள் அது. சோதனை செய்தது தாய்வழி மரபணுவை, அது ஆயிரக்கணக்கானோருக்குப் பொதுவாக இருக்கக்கூடியது. அதற்கு மேல் அதில் நேரம் செலவிட நான் தயாராக இல்லை.

எங்கே நிற்கிறோம்

க்ளோடாவா என்ற போலந்துச் சிற்றூரில் 1865இல் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, பதின்ம வயதில் சகோதரர்களோடு லண்டன் வந்த ஆரோன், மெக்நாட்டனும் ஸ்வான்சனும் எழுதிய கோஸ்மின்ஸ்கிதான். இதை ஏறக்குறைய நிச்சயம் என்பேன். அவரை ஏதோ ஒரு கட்டத்தில் போலீஸ் கவனித்தது என்பதையும் ஏற்கிறேன். அவர் கொன்றார் என்பதற்கு இந்தப் பதிவேடுகளில் ஒரு வரிகூட இல்லை. போலந்து யூதர், மனநோயாளி, சாக்கடையோரம் சாப்பிடுகிறவர் என்ற விவரணையே 1888இல் சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. அந்த செப்டம்பரில் 'லெதர் ஏப்ரன்' என்ற பட்டப்பெயரை வைத்து ஜான் பைசர் என்ற யூதரைப் பிடித்து, பிறகு குற்றமற்றவர் என்று விட்டார்கள். தெருவில் கும்பல்கள் யூதர்களை மிரட்டின. மெக்நாட்டன் பட்டியலில் மூன்றாவதாக இருந்த மைக்கேல் ஆஸ்ட்ராக், கொலைகள் நடந்த மாதங்களில் பிரான்சில் காவலில் இருந்தார் என்பது பின்னாளில் சிறைத்தாள்களிலிருந்து தெரியவந்தது. அந்தப் பட்டியலின் தரம் அவ்வளவுதான்.

ஸ்வான்சன் சொன்ன கண்காணிப்பைச் செய்தது நகரப் போலீஸ். அவர்களுடைய வழக்குக் கோப்புகளில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் அழிந்துபோனது. இந்த வழக்கில் இனி ஏதாவது நகர வேண்டுமென்றால் அது பணக்கணக்கிலிருந்துதான் வரும் என்று நினைக்கிறேன்: 1890 மார்ச்சுக்கும் 1891 பிப்ரவரிக்கும் இடையில், ஒரு கைதியோ நோயாளியோ ஹோவுக்குப் போய்வந்த ரயில் கட்டணத்தை யாராவது ஒரு காவலர் செலவுச் சீட்டில் எழுதியிருந்தால், அது ஸ்வான்சனின் பென்சில் குறிப்புக்கு முதல் வெளிச் சாட்சியாக இருக்கும்.